மாஸ்டரின் காதுக்கு மதிப்புப் போடுவது எப்படி

கடனைப் புதுப்பிக்க வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் எங்கள் சிப்ஸ் கூடத்தை முக்கால் மணி நேரம் சுற்றிப் பார்த்தார். சிப்ஸ் பொரிக்கும் அகலப் பாத்திரமான உருளி நான்கு, சீவல் இயந்திரம் ஒன்று, பேக்கிங் இயந்திரம் ஒன்று, ஜெனரேட்டர், தராசு, கட்டடம் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மூன்றாவது உருளிக்குப் பக்கத்தில் நின்றிருந்த அடுப்பு மாஸ்டரைக் கையசைத்து நகரச் சொல்லிவிட்டு உருளியைப் படம் எடுத்தார்.

அது 2022 ஜனவரி. அந்த ஆண்டு திருவோணம் செப்டம்பர் 8. அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது மாஸ்டர் வேறு கடைக்குப் போய்விட்டார். மதிப்பீட்டாளர் எழுதிய ஒரு சாமான்கூடக் குறையவில்லை. ஆனால் வழக்கமாக ஒரு ஓணத்துக்கு 60 கிலோ அளவில் திரும்பி வரும் சரக்கு, அந்த ஓணத்தில் 410 கிலோ வந்தது. பாக்கெட்டைப் பிரித்தால் மணம் இருக்கிறது, நிறம் இருக்கிறது, கடித்தால் சவசவ என்கிறது.

கொழிஞ்சாம்பாறையில் 1998 முதல் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறோம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் தெருவில் பாதிப் பேச்சு தமிழ். காய் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து வருகிறது, சிப்ஸ் திருச்சூர் பக்கம் போகிறது. பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். அந்த ஓணத்துக்குப் பிறகு, கணக்குப் புத்தகத்தில் ஏறாத சொத்துகளைத் தேடி எழுத ஆரம்பித்தேன். தையல் கூடமோ லேத் பட்டறையோ வைத்திருப்பவருக்கும் இந்த முறை உதவும் என்பதால் இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது சிப்ஸ் உதாரணம் மட்டும்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு ஏமாற்றம்: இதை யாரும் எழுதித் தர மாட்டார்கள்

எங்கள் ஆடிட்டரிடம் கேட்டேன்: இருபத்து நான்கு வருடம் வளர்த்த கடைப் பெயரை ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்டில்) சொத்தாகக் காட்டக் கூடாதா? கூடாது என்றார். கணக்கியல் தரநிலை 26 அப்படித்தான் சொல்கிறதாம். இன்னொருவரின் கடைப் பெயரைக் காசு கொடுத்து வாங்கினால் சொத்தாக எழுதலாம், நானே வளர்த்த பெயரை எழுதக் கூடாது. பெற்ற பிள்ளை கணக்கில் இல்லை, தத்தெடுத்தால் உண்டு என்பது மாதிரி. ஆனால் அவர் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. வாங்கியதற்கு ரசீது இருக்கிறது. வளர்த்ததற்கு என்ன செலவு என்று யாரால் நம்பகமாகச் சொல்ல முடியும்?

அரசின் அளவுகோலும் அதே வழிதான். 2025 ஏப்ரல் 1 முதல், இயந்திர முதலீடு இரண்டரைக் கோடிக்குள், விற்றுமுதல் பத்துக் கோடிக்குள் இருந்தால் குறுந்தொழில். சிறுதொழிலுக்கு 25 கோடியும் 100 கோடியும். நடுத்தரத்துக்கு 125 கோடியும் 500 கோடியும். இயந்திரத்தையும் விற்பனையையும் எண்ணுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று இயந்திரத்தை விற்பனையாக மாற்றுகிறவரை எண்ணுவது நம் வேலை.

சிவப்புப் பேனா நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. வேறு செலவு இல்லை. யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதாதீர்கள், அது சம்பளப் பட்டியலிலேயே இருக்கிறது. ஏதாவது சிக்கல் வரும்போது யாரைப் போய்க் கேட்டார்கள் என்று மட்டும் எழுதுங்கள். தேதி, சிக்கல், கேட்கப்பட்டவர். ஒரு மாதம் போதும்.

எங்கள் முதல் மாத நோட்டில் எனக்கு இரண்டு ஆச்சரியம். சீவல் இயந்திரத்தின் தகடு சிக்கிக்கொள்ளும்போதெல்லாம் எல்லோரும் ஓடியது மெக்கானிக்கிடம் அல்ல, காய் உரிக்கும் அக்காவிடம். காயின் பால் கறையை எப்படிக் கழுவினால் தகடு வழுக்கும் என்பது அவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. ஏழு வருடமாக அவருக்குக் கூடத்திலேயே குறைந்த கூலி. இரண்டாவது, கடையின் முன்புறம் நிற்கும் பையன். மலையாளத்தில் பேசும் பழைய வாடிக்கையாளர் எவருக்கு என்ன பருமன் பிடிக்கும், கோயம்புத்தூரிலிருந்து வருகிறவருக்கு மிளகாய்த்தூள் தூவியதைத்தான் முதலில் நீட்ட வேண்டும் என்பதெல்லாம் அவன் தலையில் இருந்தது. நான் அவனைப் பில் போடுகிற பையன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோட்டில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே சொத்தும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

மாத முடிவில் நோட்டைச் சலிக்க ஒரு சல்லடை. 1991-இல் ஜே பார்னி என்ற அமெரிக்கப் பேராசிரியர், நிறுவனத்தின் வளங்களைப் பற்றிய கட்டுரையில் நான்கு கேள்விகளை முன்வைத்தார். இதனால் பயன் உண்டா? எல்லோரிடமும் இருக்கிறதா, அபூர்வமா? மற்றவர் பார்த்துச் செய்ய முடியுமா? இதற்கு மாற்று உண்டா? நான் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய பேக்கிங் இயந்திரம் இரண்டாவது கேள்வியிலேயே விழுந்துவிட்டது. பணம் இருக்கிற எவரும் கோயம்புத்தூரில் போய் அதே இயந்திரத்தை வாங்கலாம். மாஸ்டரின் காது நான்கிலும் நின்றது. நின்றது என்ன, அதற்குள் அடுத்த கடைக்கே நடந்து போய்விட்டது.

காது என்றால் என்ன

சிப்ஸ் பதத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. காயைச் சீவிக் கொதிக்கும் தேங்காய் எண்ணெயில் போட்டதும் சளசளவென்று பெரிய இரைச்சல் எழும். காயிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறும் ஓசை அது. பாதிக்கு மேல் வெந்ததும் மஞ்சள் உப்புத் தண்ணீரைத் தெளிப்பார்கள், மறுபடி ஒரு பொங்கல். பிறகு குமிழி குறைந்து, கண் கரண்டியால் கிளறினால் கலகலவென்று ஓடு உரசுகிற மாதிரி ஒலிக்கும். அந்த நொடியில் அள்ள வேண்டும். முந்தினால் உள்ளே ஈரம் தங்கி இரண்டு நாளில் சவசவ. பிந்தினால் சிவந்து கசக்கும்.

மாஸ்டர் போனதும் நான் செய்த முதல் புத்திசாலித்தனம் வெப்பமானி வாங்கியது. எண்ணெயின் சூட்டை அது துல்லியமாகக் காட்டியது. ஆனால் எண்ணெய்ச் சூடு அல்ல பிரச்சினை. காய் லோடுக்கு லோடு மாறுகிறது. மழைக்குப் பிந்தி வெட்டிய தாரில் ஈரம் அதிகம். முற்றாத காய் வேறு மாதிரி வேகும். லேசாகப் பழுக்கத் தொடங்கிய காயில் இனிப்பு ஏறி, வேகும் முன்பே சிவக்கும். வெப்பமானி எண்ணெயை அளக்கிறது, காது காயில் மிச்சமிருக்கும் தண்ணீரை அளக்கிறது. இந்த வித்தியாசம் எனக்குப் புரிவதற்குள் 410 கிலோ திரும்பி வந்துவிட்டது.

ஆகவே உங்கள் நோட்டில் சிவப்பில் விழுந்த ஒவ்வொரு திறமையையும் இரண்டாகப் பிரியுங்கள். வாயால் சொல்ல முடிகிற பகுதி ஒன்று, சொல்ல முடியாத பகுதி ஒன்று.

சொல்ல முடிவதை அன்றே எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம். எங்கள் சுவரில் இருப்பவை: ஒரு உருளிக்கு எத்தனை கிலோ சீவல், எத்தனை லிட்டர் எண்ணெய், உப்பு மஞ்சள் கலக்கும் அளவு, உரித்த காய் தண்ணீரில் எவ்வளவு நேரம் கிடக்கலாம். எழுதியதைப் பெரிய எழுத்தில், தமிழிலும் மலையாளத்திலும். இப்போது மேற்கு வங்கத்திலிருந்து இருவர் வந்திருப்பதால் அளவுகளுக்குப் படமும் வரைந்திருக்கிறோம்.

சொல்ல முடியாததை எழுத முயன்று நேரத்தைப் பாழாக்காதீர்கள். நான் முயன்றேன். "ஓசை அடங்கி வரும்போது எடுக்கவும்" என்று எழுதி ஒட்டினேன். படித்த பையன் கேட்டான்: "எவ்வளவு அடங்கும்போது, அக்கா?" பதில் இல்லை.

ஜப்பானில் மட்சுஷிட்டா நிறுவனம் 1980-களில் வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரம் ஒன்றை உருவாக்க முயன்று இதே இடத்தில் மாட்டிக்கொண்டது. வெளிப்புறம் கருகும், உள்ளே வேகாது. மாவின் எக்ஸ்ரேவைக்கூட ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இக்குகோ தனாக்கா என்ற மென்பொருள் வல்லுநர் ஒசாக்காவில் நல்ல ரொட்டிக்குப் பெயர்பெற்ற ஓட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் சிஷ்யையாகச் சேர்ந்து பிசையக் கற்றார். ரொட்டிக்காரர் மாவை இழுக்கும்போது முறுக்கியும் இழுக்கிறார் என்பது பக்கத்தில் நின்ற பிறகுதான் தெரிந்தது. இயந்திரத்தின் உட்புறத்தில் அதற்கேற்ற வரிப்புகளை அமைத்தார்கள், ரொட்டி சரியானது. ரொட்டிக்காரரிடம் கேட்டிருந்தால் அவர் முறுக்குவதைச் சொல்லியிருக்கவே மாட்டார், அவருக்கே அது தெரியாது.

பழக்கும் முறை

மாஸ்டர் திரும்பி வந்தார். அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன். வந்ததும் இரண்டு பேரை அவரிடம் விட்டோம். ஒருவர் போதும் என்று தோன்றும். ஒருவரை மட்டும் பழக்கினால் அடுத்த ஓணத்தில் அவரும் போவார்.

பழகுகிறவர் உருளிக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஓசையை மட்டும் கேட்டு, பதம் வந்ததென்று தோன்றும்போது "இப்போ" என்று சொல்ல வேண்டும். மாஸ்டர் அப்போதே அள்ளக் கூடாது, தன் பதத்தில்தான் அள்ளுவார். இருவருக்கும் எத்தனை நொடி வித்தியாசம் என்று மூன்றாமவர் சிலேட்டில் குறிக்க வேண்டும். முதல் வாரம் நாற்பது நொடி, ஐம்பது நொடியெல்லாம் வந்தது. கூடமே சிரித்தது. நூற்றுச் சொச்சம் உருளி கடந்தபோது ஒருவர் ஐந்து நொடிக்குள் வந்துவிட்டார். மற்றவர் வரவேயில்லை. அவருக்குக் காது இல்லை, ஆனால் தாரைத் தட்டிப் பார்த்தே முற்றலைச் சொல்கிற கை இருந்தது. அவரை லோடு இறக்குமிடத்துக்கு மாற்றினோம், அங்கே இன்று அவர்தான் ராஜா.

இந்தப் பழக்கத்தை ஆவணியில் ஆரம்பிக்காதீர்கள். ஓணம் முடிந்து ஆர்டர் வற்றும் புரட்டாசிதான் சரியான மாதம். கெட்டுப்போகும் உருளிகளின் செலவை முன்கூட்டியே ஒதுக்குங்கள். நாங்கள் பதினெட்டாயிரம் ஒதுக்கினோம், இருபத்து மூன்றாயிரம் ஆனது.

அவர் ஏன் கற்றுத்தர வேண்டும்?

வழிகாட்டி எழுதுகிறவர்கள் பலர் தாண்டிப் போகும் இடம் இது. தொழிலாளியின் தலையில் இருப்பதை நிறுவனத்தின் சொத்தாக மாற்றுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது அவருடைய சொத்து. அதைத் தந்துவிட்டால் நாளை தன்னை அனுப்பிவிடுவார்கள் என்று அவர் பயப்படுவது முழுக்க நியாயம்.

எங்கள் மாஸ்டர் போனதற்குக் காரணம் நான். முந்தைய ஓணத்தில் விற்பனை கூடியதென்று கடை முன்புறத்துக்கு அதிக போனஸ் கொடுத்தேன், அடுப்பு முனைக்கு வழக்கம்போல. அதற்கு மேல், கூடத்தில் கேமரா வைத்தேன். எண்ணெய் திருட்டைத் தடுக்க என்று சொன்னேன். இருபது வருடம் அந்த எண்ணெய்க்கு முன்னால் வெந்தவரிடம்! அவர் சண்டை போடவில்லை. "கேமரா பார்த்துக்கொள்ளும், அக்கா" என்று மட்டும் சொன்னார். அந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் விளங்கியது.

கார்த்திகையில் அவர் வீட்டுக்குப் போனேன். சம்பளத்தைப் பற்றி முதலில் பேசவில்லை, கேமராவைக் கழற்றிவிட்டதைச் சொன்னேன். பிறகு மூன்று விஷயம் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பழக்குகிற மாதங்களுக்குத் தனிப் படி. தேறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை. தேறியவர் வந்துவிட்டார் என்பதற்காக அவருடைய கூலி ஒருபோதும் குறையாது, வேலையும் போகாது. மூன்றாவதைப் படித்த பிறகுதான் காப்பி கொண்டுவரச் சொன்னார். உங்கள் கடையில் தொகை வேறாக இருக்கலாம். மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள்.

உரிக்கும் அக்காவுக்கும் கூலி உயர்ந்தது. தகடு கழுவும் முறையை அவரே எல்லோருக்கும் காட்டினார்.

பெயரும் நம்பிக்கையும்

2025 ஓணத்துக்கு முன் தேங்காய் எண்ணெய் விலை கிலோ நானூறு ரூபாயைத் தாண்டிப் போனது. பாமாயிலைக் கொஞ்சம் கலந்தால் யாருக்கும் தெரியாது என்று எனக்கு அறிவுரை சொல்ல ஆள் வரிசை கட்டியது. தெரியாது என்பது பொய். திருச்சூர்க்காரர் பாக்கெட்டைப் பிரித்ததும் முகர்ந்து பார்ப்பார், பிறகுதான் வாயில் போடுவார். கால் கிலோ பாக்கெட்டை இருநூறு கிராமாகக் குறைத்து, ஏன் குறைத்தோம் என்று கடை வாசலில் பலகையில் எழுதி வைத்தோம். முணுமுணுத்தார்கள், வாங்கினார்கள்.

பழைய எண்ணெயை எத்தனை முறை சுடலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. பொரிக்கப் பொரிக்க எண்ணெய் கெட்டு அதில் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. நாங்கள் அதற்கு வெகுமுன்பே மாற்றிவிடுகிறோம். இந்தப் பழக்கம் என் மாமியார் வைத்தது, புகை மணம் மாறினால் அந்த எண்ணெய் விளக்குக்கு.

இந்தச் சொத்தில் ஒரு துண்டுக்கு மட்டும் காகிதம் வாங்க முடியும். கடைப் பெயரை வணிகச் சின்னமாகப் பதியுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு (சரக்கு வகைக்கு) 4,500 ரூபாய், பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். எங்கள் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றிச் சாலையில் இன்னொரு கடை திறந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

காய் வியாபாரியின் நம்பிக்கைக்குக் காகிதம் கிடையாது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. என் கணவர் காலத்திலிருந்து லோடு இறங்கிய அன்றே பணம் கொடுப்பது எங்கள் வழக்கம். 2018-இல் அதன் பலன் தெரிந்தது. ஆகஸ்ட் நடுவில் வெள்ளம், 25-ஆம் தேதி திருவோணம். அரசே ஓண விழாவை ரத்து செய்தது. ஆர்டர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன, கூடத்தில் ஆறு டன் காய் பழுக்கத் தொடங்கியது. வியாபாரி தொலைபேசியில், "தையில் பார்த்துக்கொள்ளலாம், அம்மணி" என்றார். அந்த ஐந்து மாதம் வட்டியில்லாத கடன். எந்த மதிப்பீட்டாளர் அதை எழுதியிருப்பார்?

அழுகும் சொத்து

கண்ணுக்குத் தெரியாத சொத்தும் கெடும். என் கணவர் காலத்தின் பெரிய திறமை மாநில எல்லைச் சோதனைச் சாவடியைக் கடப்பது. கோபாலபுரத்திலும் வேலந்தாவளத்திலும் எந்தப் படிவத்தை எத்தனை நகல் வைக்க வேண்டும், எந்நேரம் லாரி வரிசை குறையும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அவரிடம் வந்து கேட்டுப் போவார்கள். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது, வணிக வரிச் சாவடிகள் மூடப்பட்டன. இருபது வருட அனுபவம் பழைய காலண்டர் ஆனது. அவர் அதை ஒப்புக்கொள்ள இரண்டு வருடம் பிடித்தது. அதுவரை கோப்புகளைத் தூசி தட்டிக்கொண்டே இருந்தார்.

எனவே வருடத்துக்கு ஒருமுறை சிவப்பு நோட்டைத் திரும்ப எடுங்கள். போன வருடம் கேட்கப்பட்டு இந்த வருடம் கேட்கப்படாதவர் யார் என்று பாருங்கள். ஒன்று, அவர் திறமை எல்லோருக்கும் பரவிவிட்டது, நல்லது. அல்லது அந்தத் திறமைக்கே வேலை இல்லாமல் போய்விட்டது, அவருக்கு வேறு வேலை பழக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

எதை எண்ணுவது

மென்பொருள் வேண்டாம். நான்கு எண் போதும்: திரும்பி வந்த கிலோ, புதியவர் தனியாக உருளியைக் கையாள ஆன நாட்கள், போன ஓணத்தில் வாங்கியவர்களில் இந்த ஓணத்திலும் வந்தவர்கள், சரக்கு தருகிறவர் கேட்காமலே தரும் தவணை நாட்கள். போன ஓணத்தில் எங்களுக்குத் திரும்பி வந்தது 52 கிலோ. மூன்று உருளியில் மூன்று பேர் நின்றார்கள், மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நோட்டில் இன்னும் தீராத பக்கம் ஒன்று உண்டு. இந்த வருட மாதக் கணக்கில் மாஸ்டர் பெயருக்கு நேரே நான்கு சிவப்புக் கோடு, முன்புறப் பையனுக்கு ஆறு, எனக்கு முப்பத்தொன்று. காய் விலை பேச நான், ஜிஎஸ்டிக்கு நான், பையன்கள் சண்டையைத் தீர்க்க நான். பக்கத்தைப் பார்த்த மாஸ்டர், "உங்களை எந்த உருளிக்கு முதுகு காட்டி நிறுத்துவது, அக்கா?" என்று கேட்டார். வருகிற புரட்டாசியில் பத்து நாள் திருநெல்வேலியில் மகள் வீட்டில் இருக்கப் போகிறேன். தொலைபேசியை அணைத்துவிடுவதாக மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன். காய் வியாபாரியின் எண்ணை முன்புறப் பையனிடம் கொடுத்தாகிவிட்டது.